முதற்பாலா, கப்பிப்பாலா?

நிறம் கலக்கும் மெசினுக்கு முன்னால் பதினொரு வருடம் நின்றவன் சொல்கிறேன்: வெள்ளை என்று ஒரு நிறம் உலகத்தில் கிடையாது. நம்பாதவர்கள் ஒரேயொரு அறைக்கு வெள்ளை அடித்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே அடித்துப் பார்த்தவர்கள் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெயின்ற் கடை ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், உள்துறைமுகத்துக்கு இறங்கும் வீதியோரம் இருக்கிறது. கடையில் உள்ள நிற அட்டையில் வெள்ளை மாதிரியானவை மட்டுமே மூன்று பக்கம். ஆனால் சனம் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இரண்டு நிறத்தில்தான். அவற்றின் இங்கிலீசுப் பெயர்கள் என் வாய்க்குள் நுழையவில்லை. ஆகவே நானே பெயர் வைத்தேன். மஞ்சள் மெல்ல ஓடி, கொஞ்சம் கட்டியாகத் தெரிவது முதற்பால். துருவிய தேங்காய்ப்பூவை முதல் தரம் பிழிந்தால் வருவது. மஞ்சள் குறைந்து, பார்க்கக் குளிர்மையாக இருப்பது கப்பிப்பால். அதே பூவில் தண்ணீர் விட்டுக் கடைசியாகப் பிழிவது. மெசின் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் மஞ்சளில் மூன்று சொட்டு, கறுப்பில் ஒரு சொட்டு. அந்த நாலு சொட்டு என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

பெட்டியோடு வந்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு பெண்ணுக்கு வீடும் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். நானும் அப்படி ஏறியவன்தான். பதினாறு வருடத்துக்கு முன் நான் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது சுவருக்கு நிறம் அடித்தாயிற்று, திரைச்சீலை போட்டாயிற்று, என் துவாய் தொங்கவேண்டிய ஆணியைக்கூட அறைந்தாயிற்று. என் மனைவி வதனி தங்கமானவள். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவன், தான் படுத்தெழும்பும் வீட்டில் ஒரு சாண் சுவருக்கு நிறம் சொன்னதில்லை. அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த முறை சித்திரை வருசத்துக்கு முன்னர் சனம் வந்து இருக்கும் ஹோலுக்கும் பின்னறைக்கும் பெயின்ற் அடிப்பதென்று முடிவானது. உப்புக்காற்றுப் பட்டுப் பழைய பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றுகொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹோலுக்குக் கப்பிப்பால் அடிப்போம் என்றேன். பதினாறு வருடத்தில் நான் போட்ட முதல் விண்ணப்பம் அது. மத்தியானம் வெயிலில் வந்து கதிரையில் சாய்ந்தால் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்ததுபோல இருக்கும் அந்த நிறம். எனக்கு அதில் அவ்வளவு ஆசை.

வதனி முதற்பால்தான் வேண்டும் என்றாள். நான் வெளிச்சம் வரும் திசை, காற்றின் ஈரம், கண்ணின் களைப்பு என்று தொழில் நியாயங்களை அடுக்கினேன். அவள் குசினியில் சொதிக்குப் பச்சைமிளகாய் கீறிக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னாள்: "பேர் நீங்கள்தானே வைச்சனீங்கள்? வீட்டுக்கு வாற சனத்துக்கு ஆரும் கப்பிப்பால்ல சொதி வைப்பினமோ? ஹோலுக்கு முதற்பால். ஆசையெண்டால் பின்னறைக்கு உங்கட கப்பிப்பாலை அடியுங்கோ."

மேசையில் கிடந்த பாரை

பின்னறை என்பது பழைய சைக்கிளும் உடைந்த மின்விசிறியும் இருக்கும் அறை. அந்த வருத்தத்தோடு நான் கடையில் நின்ற நாளில்தான் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு சம்மாட்டியார் சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். மகளின் அறைக்குப் பெயின்ற் வேண்டும். என்ன நிறம் என்று கேட்டேன். பையைத் திறந்து ஒரு முழுப் பாரை மீனை எடுத்து என் மேசையில், நிற அட்டைக்கு மேலேயே வைத்தார். வயிற்றுப் பக்கத்து நிறம்தான் வேண்டுமாம். காலையில் வலையிலிருந்து எடுத்தபோது மகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டாளாம்.

தொழில் என்று வந்துவிட்டால் மீன் என்ன, மாங்காய் என்ன? பத்திரிகை விரித்து, மீனை மல்லாத்தி, இரண்டு அட்டையையும் பக்கத்தில் பிடித்தேன். தலைப்பக்கத்து வயிறு முதற்பால். வால்பக்கத்து வயிறு கப்பிப்பால். எந்தப் பக்கம் என்று கேட்டேன். சம்மாட்டியார் யோசித்தார். ஆணி வாங்க வந்தவர்களும் யோசித்தார்கள். ஒருவர் தலைப்பக்கம் என்றார், இன்னொருவர் வாலை விட்டால் நிறமே இல்லை என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மீன் காய்ந்து, தலைப்பக்கமும் கப்பிப்பாலாக மாறத் தொடங்கியது. நான் தண்ணீர் தெளித்துத் திரும்ப முதற்பாலுக்குக் கொண்டுவந்தேன். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் தரம் தண்ணீர் தெளித்தபோது சம்மாட்டியாருக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, எதையாவது கெதியாக் கலக்குங்கோ. நிறம் பிழைச்சால் பிள்ளையைச் சமாளிக்கலாம், மீன் பழுதாப்போனால் மனுசியைச் சமாளிக்க ஏலாது!"

ஃபாதரின் வாக்கு

ஜெசிந்தா ரீச்சரின் வீடு ஓர்ஸ் ஹில் மேலே இருக்கிறது. யன்னலைத் திறந்தால் துறைமுகம். காலையில் தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே வந்து சுவரில் துள்ளும். அந்தத் துள்ளலில் எந்த நிறமும் ஒரு நிறமாக நிற்காது. ரீச்சர் ஏழு தரம் கடைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். எட்டாம் தரம், "நீங்களே வந்து ரெண்டையும் சுவரில பூசிக் காட்டுங்கோ" என்றார். சனிக்கிழமை காலை இரண்டு சின்ன டின்னில் பெயின்ற் எடுத்துக்கொண்டு போய், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் பூசினேன்.

அங்கே போனபிறகுதான் தெரிந்தது, ரீச்சர் அக்கம்பக்கத்தையெல்லாம் அழைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர். கேக், பற்றிஸ், தேத்தண்ணி. இடது சதுரம் சுகமில்லாத ஆளின் முகம் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். வலது சதுரத்தைப் பார்த்தால் தனக்குத் தலை இடிக்கிறது என்றார் இன்னொருவர். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு சதுரத்துக்காகச் சண்டை பிடித்து, கடைசியில் பழைய காணிப் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று சொன்ன ஒரு மனிதருக்குத் தேத்தண்ணியே கிடைக்கவில்லை. பங்குத்தந்தை ஏதோ அலுவலாக வந்தவர், அவரையும் பிடித்துச் சுவருக்கு முன் நிறுத்தினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இரண்டடி பின்னால் போய், இரண்டாவது சதுரத்தில்தான் ஒரு சாந்தம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். ரீச்சர் கைதட்டினார்.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான், வாளியைப் பார்த்து டின்களின் அடியில் நான் எழுதியிருந்த பெயரைக் கண்டேன். இரண்டிலும் முதற்பால். அவசரத்தில் ஒரே வாளியிலிருந்து இரண்டு டின்னையும் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன்! இரண்டு மணித்தியாலமாக ஒரே நிறத்துக்கும் அதே நிறத்துக்கும் சண்டை நடந்திருக்கிறது. படியில் இறங்கிக்கொண்டிருந்த ஃபாதரை மறித்து மெதுவாக உண்மையைச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "மகன், ரீச்சர் விரும்பினதையே கலந்து குடுத்துவிடும். ஆனால் இதை மட்டும் இப்ப உள்ள போய்ச் சொல்லாதையும். சாந்தம் இருக்கு எண்டு நானும் சொல்லிப்போட்டன்."

கட்டாரில் இருந்து ஒரு தீர்ப்பு

இலங்கைத்துறையிலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவர் அந்தப் பெண். புது வீடு, முதல் அறை. கணவர் கட்டாரில் கட்டட வேலை. அவர்தான் நிறம் சொல்ல வேண்டுமென்று போனில் வீடியோ கோல் எடுத்து இரண்டு அட்டையையும் காட்டினார். போனில் இரண்டும் நீலமாகத் தெரிந்ததாம். வெளியே கொண்டுபோய் வெயிலில் காட்டினோம்; இரண்டும் ஒன்றுமில்லாமல் போனதாம். ஓட்டோவின் நிழலில் காட்டினோம், என் சேட்டுக்கு மேல் வைத்துக் காட்டினோம். அந்த மனிதர் தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு, பின்னால் மண் பறக்க, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். இந்தப் பெண் விடவில்லை. "நீங்கள் சொன்னால்தான் அடிப்பன்" என்று நின்றார். கணவரை வேலைக்குக் கூப்பிடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. போகும் அவசரத்தில் சொன்னார்: "எனக்கு இஞ்ச ரெண்டும் ஒரு மாதிரித்தான் இருக்கு. உனக்குப் பிடிச்சதை அடி. நான் வந்து கதவைத் திறக்கேக்க நீ உள்ள நிண்டால், அந்த நிறம் எனக்குப் பிடிக்கும்."

மூடி

அந்தப் பெண் முதற்பாலைக் கொண்டுபோனார். எனக்கோ ரீச்சர் வீட்டுச் சதுரங்கள்தான் மூளைக்குள் நின்றன. பன்னிரண்டு பேருக்கும் ஒரு பங்குத்தந்தைக்கும் தெரியாத வித்தியாசம் வதனிக்கு மட்டும் தெரியவா போகிறது?

எங்கள் கடையில் ஒரு வழக்கம். நிறம் கலந்து முடிந்ததும் வாளியின் மூடியில் பெயரை மார்க்கரால் எழுதி, பக்கத்தில் விரலால் ஒரு பொட்டு பெயின்ற் தொட்டு வைப்பேன். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு இரண்டு வாளி கலந்தேன். ஒன்று முதற்பால், ஒன்று கப்பிப்பால். பெயர் எழுதினேன். பொட்டு வைத்தேன். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு மூடிகளை மாற்றிப் போட்டேன்.

அவ்வளவுதான் விசயம். இனி, முதற்பால் என்று எழுதிய வாளிக்குள் இருப்பது கப்பிப்பால். வதனி சொன்னபடி ஹோலுக்கு அந்த வாளியைத் திறப்பார்கள். சுவரில் ஏறப்போவது என் ஆசை. அவளுக்கும் மனம் நிறையும், எனக்கும் கண் குளிரும். நல்ல திட்டம்தான். ஆனால் பத்துக் கொலை செய்தவனைப்போல நெஞ்சு அடித்தது. எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் பெயின்ற் பாஸ், கிண்ணியா பாறூக், ஓட்டோவோடு வந்து வாளிகளை ஏற்றினார். முப்பது வருடமாக ஊருக்குச் சுவர் பூசுகிற மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி இப்பிடி வேர்க்குது? மத்தவங்கட வீட்டுக்குக் கலக்கக்குள்ள ஒரு நாளும் உங்களுக்கு வேர்க்கல்லயே!"

மூன்று கிழமை ராசா

பெயின்ற் காய்ந்த அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்து ஹோலில் காலடி வைத்தேன். ஐயோ, அந்தக் குளிர்மை! அந்த அடக்கம்! கப்பிப்பால் என்றால் இதுவல்லவா கப்பிப்பால்! கதிரையை இழுத்துப் போட்டுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். சந்தோசத்தில் சிரிப்பு வந்தது. அடக்கினேன், அது காதுவரை போய் நின்றது. வதனி குசினி வாசலில் நின்று சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதோ?" என்றாள்.

"நல்லாத் தெரியுது," என்றேன்.

அவளும் சிரித்தாள். தன் முதற்பாலின் பெருமையைக் கேட்கிறாள் என்று நினைத்து எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமையும் எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பின்னேரம் கதிரையில் நான். எனக்கு இஞ்சித் தேத்தண்ணியோடு அவள். கலியாணம் முடித்த புதிதில்கூட அப்படிச் சும்மா சும்மா சிரித்ததில்லை. வருசத்தன்று வந்த சனம் சுவரைப் பார்த்து என்ன நிறம் என்று கேட்டால், இரண்டு பேரும் ஒரே குரலில் "முதற்பால்" என்போம். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். பலகாரம் சாப்பிட ஜெசிந்தா ரீச்சரும் வந்தார். சுவருக்குக் கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தார். பாவம், இவருக்குமா தெரியவில்லை என்று நான் மனதுக்குள் இரங்கினேன். "முதற்பாலேதான் அண்ணை," என்றார் அவர். "எனக்கு இப்ப கண் நல்லாப் பழகிட்டுது."

பாஸ் விட்ட கதை

அடுத்த கிழமை பாறூக் பாஸ் ஒரு புதுக் குடும்பத்தைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வழக்கம்போல இரண்டு அட்டையையும் வைத்துக்கொண்டு முழித்தார்கள். பாஸ் என்னைக் காட்டி, "இவர்ட ஹோலுக்கு அடிச்ச கப்பிப்பாலை அடியுங்க, சோக்கா இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிபட்டுவிட்டேன்! அவரைத் தகரங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தானே அடிச்சன், எனக்குத் தெரியாதா?" என்றார் பாஸ். "அண்டைக்கு வாளியை இறக்கக்குள்ள வதனித் தங்கச்சி என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டுச் சொன்னது. கப்பிப்பால் எண்டு எழுதின வாளியை ஹோலுக்கு அடியுங்கோ, மற்றதைப் பின்னறைக்கு அடியுங்கோ எண்டு. இவர் பதினாறு வருசத்தில இந்த வீட்டில ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்டுதானாம். ஆனா உங்களுக்குச் சொல்ல வேணாமாம். 'அவர் கலர்க்காரன்தானே, பாத்த உடன கண்டுபிடிப்பார்' எண்டு தங்கச்சி சொன்னது."

நான் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்துவிட்டேன். கப்பிப்பால் என்று எழுதிய வாளி. நான் மூடி மாற்றிய வாளி. அதற்குள் இருந்தது முதற்பால். அவள் எனக்காக விட்டுக்கொடுத்து, நான் அவளை ஏமாற்றி, கடைசியில் எங்கள் ஹோல் சுவரில் ஏறியிருப்பது அவள் முதலில் கேட்ட அதே நிறம். அதைத்தான் பதினொரு வருட அனுபவம் உள்ள நான் மூன்று கிழமையாகக் கதிரை போட்டு உட்கார்ந்து, கப்பிப்பால் கப்பிப்பால் என்று ரசித்திருக்கிறேன். "தெரியுதோ" என்று அவள் கேட்டது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. மறுபக்கம், எனக்கு இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று நெஞ்சு முட்டியது. இரண்டும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தேன், கண்ணால் தண்ணீரும் ஓடியது. பாஸ் பயந்துபோனார். "தம்பி, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா? அதையாவது எனக்கு விளங்கிற மாதிரிச் செய்யுங்க!"

கதிரைக்கு முன்னால்

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். ஹோலில் வதனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் உட்காராமல் நின்றபடியே, "பாஸ் எல்லாம் சொன்னவர். ஹோலுக்குக் கப்பிப்பால் அடிக்கச் சொன்னனீராம்" என்று தொடங்கினேன்.

அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். வெட்கமும் சந்தோசமுமாக மடித்த துணியைத் திரும்ப உதறி மடித்தாள். "அவர் என்ன சொல்லுறது? நீங்கள்தான் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டீங்களே. முகத்தில எழுதியிருந்தது," என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் எழுந்து வந்து சுவரை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள்.

மூடிக் கதை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அவள் எனக்கென்று தந்ததை நானே அவள் கையிலிருந்து தட்டிவிட்டதாகும். பதினாறு வருடத்தில் எனக்கென்று கிடைத்த ஒரு சுவர். அவள் சொன்னது இதுதான்: "உண்மையைச் சொல்லட்டே? முதற்பாலுக்கு நான் பிடிவாதம் பிடிச்சது பிழை. இதுதானப்பா வடிவு."

ஆகையால் சகோதர சகோதரிகளே, இதை வாசித்த யாராவது எங்கள் வீட்டுக்கு வர நேர்ந்தால், ஹோல் சுவரைப் பார்த்து "நல்ல கப்பிப்பால்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு கதிரையில் உட்காருங்கள்.